எந்த அவரு?

மற்ற வீடுகளுக்குப் புதன்கிழமை என்றால் வாரத்தின் நடுநாள், அவ்வளவுதான். துஷ்யந்தன் வீட்டில் அது டொக்டர் நாள்.

போன வாரம் நாம் துஷ்யந்தனை அவனுடைய லொறிக்குப் பக்கத்தில் வாயடைத்துப்போய் நிற்க விட்டுவிட்டு வந்தோம். எதிர்வீட்டு தினுஷா நல்ல எண்ணத்தில் சொன்ன செய்திதான் காரணம். அவன் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் சிவநந்தினி லொறியில் ஏறி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாளாம். காதில் போனாம். கண்ணை மூடி மூச்சை இழுத்து இழுத்து விட்டாளாம். பிறகு இறங்கி, தனியாகச் சிரித்துக்கொண்டாளாம்.

ஏழு மாதமாக அதே லொறியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “சும்மா ஏறி உட்காரு நந்தினி, ஸ்டார்ட் பண்ணக்கூட மாட்டேன்” என்று கெஞ்சியவன் அவன். அவனுக்காக ஒரு காலைக்கூடத் தூக்கி வைக்காதவள், போனில் யாரோ சொன்னதற்காக ஏறியிருக்கிறாள். அவன் லொறியில். அவன் இல்லாத நேரத்தில்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக அந்த ஏழு மாதக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துஷ்யந்தன் தம்புள்ளையில் மரக்கறி வாங்கி மாத்தளைக் கடைகளுக்குப் போடுகிறவன். சிவநந்தினி மாத்தளையில் கணக்கு டீச்சர். தம்புள்ளையில் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த அவளை, மறுநாள் காலையில் சரக்கோடு சரக்காக ஏற்றிக்கொண்டு வந்தான். நாலந்தாவுக்குக் கிட்ட ஒரு வளைவில் லொறி ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்தில் நிறுத்தியிருந்த நம் ஊர் நுஹ்மானின் த்ரீவீலில் மோதியது. மாடு குறுக்கே வந்தது என்று பொலிஸில் சொன்னான். நுஹ்மானுக்கு வலது கால் முறிந்தது. சிவநந்தினிக்கு முழங்கையில் ஒரு கீறல், அதோடு சரி.

ஆனால் அன்றிலிருந்து அவளால் எந்த வாகனத்திலும் ஏற முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். பிரேக் சத்தம் கேட்டால் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதக்கணக்கில் சரியான நித்திரை இல்லை. கடைசியில் கூட வேலை செய்யும் டீச்சர் ஒருத்தி தேடிக்கொடுத்த ஆள்தான், புதன்கிழமை நாலு மணிக்குப் போனில் வரும் இந்த ஒன்லைன் டொக்டர். உண்மையில் டொக்டர் இல்லை, மனநல ஆலோசகர். ஆனால் நம் ஊரில் கேட்டதற்குப் பதில் சொல்லுகிற எல்லோரும் டொக்டர்தானே.

ஆறு புதன்கிழமைகள் முடிந்துவிட்டன. அவள் நித்திரை கொள்கிறாள். தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள். இதெல்லாம் துஷ்யந்தனும் கண்ணால் பார்த்ததுதான். பார்த்ததால்தான் வயிறு எரிந்தது. தன்னால் ஆகாதது இன்னொரு ஆளால் ஆனதைத் தினமும் வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது லேசான காரியமா?

*

காலை ஐந்தரைக்கு அவன் தம்புள்ளைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சமையலறையில் சிவநந்தினி அடுப்புக்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்தாள்.

“கேத்தல். காலண்டர். குடை. வாளி. பூனை.”

“என்னா அது?”

“ஒண்ணுமில்லங்க. படபடன்னு வந்தா, கண்ணுக்குத் தெரியிற அஞ்சு சாமானை பேர் சொல்லணும். டொக்டர் சொல்லிக் குடுத்தாங்க.”

துஷ்யந்தன் அவளுக்கு இரண்டடி தூரத்தில், ஐந்தடி ஒன்பது அங்குல உயரத்தில் நின்றிருந்தான்.

“நான் இங்கதானே நிக்கிறேன்.”

“சாமானைத்தாங்க சொல்லணும். ஆளை இல்ல.”

“பூனை சாமானா?”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இதையும் நாலு மணிக்கு அந்த ஆளிடம் சொல்லி இன்னொரு தடவை சிரிப்பாள் என்றுதான் முதலில் தோன்றியது.

அயன் மேசையில் பள்ளிக்கூடச் சேலை மடிந்து கிடந்தது. பக்கத்தில் இன்னொன்றும் கிடந்தது, நீல நிறச் சுடிதார்.

“இது எதுக்கு?”

“நாலு மணிக்கு.”

“போன்லதானே பேசப் போற.”

“வீடியோவுலங்க. மொகம் தெரியும்ல. அழுக்கு நைட்டியோடவா உக்கார்றது?”

தேநீர்க் கோப்பையை வாயில் வைத்தபடியே, சாதாரணமாகக் கேட்கிறவனைப்போல அடுத்ததைக் கேட்டான்.

“உன் டொக்டருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“நான் எப்புடிக் கேக்குறது? கேக்குறதெல்லாம் அவங்கதான்.”

“எந்த ஊரு அவங்க?”

“மட்டக்களப்புப் பக்கம். அவங்க பேசுறது மொதல்ல எனக்குப் பாதி வெளங்கல. இப்பப் பழகிருச்சு.”

இந்த ‘அவங்க’ இருக்கிறதே, துஷ்யந்தனைக் கேட்டால் தமிழிலேயே பொல்லாத சொல் அதுதான் என்பான். மரியாதை மரியாதை என்று ஒரு போர்வையைப் போட்டு மூடிவிடுகிறது. உள்ளே இருப்பது மீசையா மூக்குத்தியா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அவள் போனில் ‘டொக்டர் எஸ்’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள். எஸ் என்றால் செல்வராஜா? சுதாகரன்? சத்தியசீலன்? ஆறு வாரமாக அவன் மனசுக்குள் ஓர் ஊரே குடியேறிவிட்டது. எல்லோரும் ஆண்கள். எல்லோரும் கண்ணாடி போட்டவர்கள், மெதுவாகப் பேசுகிறவர்கள்.

ஆணா பெண்ணா என்று நேராகவே கேட்டுவிடலாமே என்கிறீர்களா? கேட்டால் பொறாமை வெளியே தெரிந்துவிடும். ஒன்பது வருடமாக நல்ல புருசன் என்று பெயர் எடுத்தவனுக்கு அது சம்மதமில்லை.

அதனால் லொறியில் ஏறும்போதே ஒரு முடிவுக்கு வந்தான். வழக்கமாக அவன் புதன்கிழமை வீடு வர ஆறு மணி ஆகும். இன்று நாலு மணிக்கு வந்து நிற்பது. கதவைத் திறந்து அந்த எஸ்ஸின் முகத்தைப் பார்ப்பது. ‘நீங்க செஞ்சதெல்லாம் போதும், இன்னையோட நிப்பாட்டிக்குங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது. அவள் பழையபடி நித்திரை இல்லாமல் கிடப்பாளே என்ற நினைப்பு வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

*

தம்புள்ளையில் அன்று துஷ்யந்தன் செய்த வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. பூசணிக்காயைத் தட்டிப் பார்க்காமல் ஏற்றினான். தக்காளிப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. “என்னா தம்பி, பொண்டாட்டிக்குப் பிரசவமா?” என்று மூட்டை தூக்கும் நாட்டாமை அழகுமுத்து கேட்டபோது, கயிற்றை இறுக்குவதிலேயே குறியாக இருந்தான்.

திரும்பி வரும்போது அந்த வளைவு வந்தது. வழக்கம்போல ரேடியோவை நிறுத்தினான். வழக்கம்போல அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்தான்.

லொறியை வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். கீழ்ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சமையலறைக்குள் நுழைந்தான். மணி நாலு ஐந்து. அறைக்கதவு மூடியிருந்தது.

கதவுக்கு வெளியே அவனுக்கு முன்பே ஓர் ஆள் இருந்தது.

அவனுடைய அக்கா ஜெயந்தினிதான். நாலு வீடு தள்ளி மூலைக்கடை வைத்திருப்பவள். ஒரு கட்டை ஸ்டூலைக் கதவோரம் போட்டு, மடியில் ஒரு கிண்ணத்தில் அவித்த கடலையோடு உட்கார்ந்திருந்தாள்.

“நீ என்னாக்கா இங்க?” குரலே வெளிவராமல் கேட்டான்.

“கடலை அவிச்சேன். குடுக்க வந்தேன்.”

“கதவுல காதை வச்சா குடுப்பாங்க?”

“நீ மட்டும் என்னாடா, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு?”

அவனும் சுவரோரமாகக் குந்தினான். அக்கா கிண்ணத்தை அவன் பக்கம் நீட்டினாள். இரண்டு கடலை எடுத்துக்கொண்டான்.

“ஒம்பது வருசம்டா,” அக்கா காதுக்குள் சொன்னாள். “எனக்குச் சொல்லாம அவ ஒரு பனடோல் போட்டதில்ல. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து, தலைவலின்னாலும் அண்ணி, மனவலின்னாலும் அண்ணி. ஆக்சிடன்ட்டுக்குப் பெறகு வாயே தெறக்கல. சரி, புள்ள பயந்திருக்குன்னு விட்டேன். இப்பப் பார்த்தா எவகிட்டயோ மணிக்கணக்கா பேசுறா.”

“எவகிட்டயோவா?”

ஜெயந்தினி பதில் சொல்லுமுன் உள்ளே இருந்து சிவநந்தினியின் குரல் தெளிவாகக் கேட்டது. காதில் இயர்போன் மாட்டியிருப்பவர்கள் தாங்கள் மெதுவாகத்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

“ஐயோ, அழுவுது டொக்டர். நீங்க போய் பால் குடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன், அவசரமில்ல.”

துஷ்யந்தன் வாயில் போட்ட கடலையை மென்று விழுங்க மறந்தான். செல்வராஜா, சுதாகரன், சத்தியசீலன் மூவரும் ஒரே நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

“பொம்பளையா?”

“ஸுபைதாவாம் பேரு. கைக்கொழந்தை இருக்கு. உனக்குத் தெரியாதா?”

“உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லல?”

“நீ கேக்கலியே.”

ஆறு வாரப் பாரம் இறங்கியதில் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “போக்கா, நான் எவனோன்னு பயந்துட்டேன்.”

“உனக்கு எவனோன்னா எரியுது. எனக்குப் பொம்பளைன்னாத்தாண்டா எரியுது,” என்றாள் ஜெயந்தினி. அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் இல்லை. ஒரு கூட்டாளியைப் பறிகொடுத்தவளின் கலக்கம்.

போய் முகத்தைக் கழுவிவிட்டு, இப்போதுதான் வந்தவனைப்போல முன்வாசலால் வரலாம் என்று துஷ்யந்தன் எழுந்தான். அந்த நேரத்தில் உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது.

“அவரு நல்லவரு டொக்டர். எவ்வளவு வலிச்சாலும் காட்டிக்க மாட்டாரு. நான் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வாறப்ப கோயிலடியில நிப்பாரு. என்னைக் கண்டா ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அந்தச் சிரிப்பைப் பார்த்தா எனக்கு அன்னிக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடாது.”

துஷ்யந்தன் எழுந்த வேகத்தில் திரும்பவும் குந்தினான்.

கோயிலடியில் நிற்கும் ஓர் அவரு. சிரிக்கிற ஓர் அவரு. வீட்டுக்கு அனுப்பிவைத்த மூன்று பேருக்கும் பதிலாக இப்போது நிஜமாகவே ஒருவன் வந்துவிட்டான். அதுவும் மட்டக்களப்பில் இல்லை, முத்துமாரியம்மன் கோயிலடியில், நடந்துபோகும் தூரத்தில்.

“யாருக்கா அது?”

“சத்தம் போடாதடா.”

“அன்னிக்கு அவரு ரொம்பக் களைச்சிருந்தாரு டொக்டர்,” என்றது உள்ளே இருந்த குரல். “கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. அவரைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு.”

டொக்டர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பிறகு சிவநந்தினி கேட்டாள்:

“எந்த அவரா?”

வெளியே இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓ, கொழம்புதா? மொதல்ல சொன்னது நுஹ்மான் நானாவை. கால் ஒடைஞ்சவரு. இப்ப சொல்றது எங்க வீட்டுக்காரரை… சரி டொக்டர். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லியா? எல்லாரையுமா? அவரையுமா?” பிறகு கெஞ்சலாக, “சொல்லித்தான் ஆகணுமா டொக்டர்?”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவநந்தினி படித்தவள், ஊருக்கே கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். ஆனால் கட்டின நாளிலிருந்து புருசன் பெயரை வாயால் சொன்னதில்லை. அவள் அம்மா சொன்னதில்லை, அதனால் இவளும் சொல்வதில்லை. விண்ணப்பப் படிவத்தில் எழுதுவாள். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் அவன் பெயரைப் பக்கத்தில் நிற்கும் ஜெயந்தினிதான் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டின காலத்தில் துஷ்யந்தன் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான், ஒரே ஒரு தடவை கூப்பிடு என்று. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே தவிர, கூப்பிட மாட்டாள்.

“துஷ்யந்தன்,” என்றாள் சிவநந்தினி.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் பெயர் இவ்வளவு நல்ல பெயர் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அடுத்த கணமே நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஒன்பது வருடமாகத் தனக்குக் கிடைக்காதது, முகம் தெரியாத யாரோ ஒரு பெண்ணுக்கு, கேட்டவுடனே கிடைத்துவிட்டது.

அந்த வலியோடு அவன் இருக்கும்போதே அவள் குரல் தொடர்ந்தது.

“துஷ்யந்தன் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாரு டொக்டர். ரேடியோவுல பாட்டு போய்க்கிட்டு இருந்துச்சு. பாட்டுக்குத்தான் ஆட்டுறாருன்னு நெனச்சேன். அவருக்குப் புடிச்ச பாட்டு. நானும் அவரைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். ஒருக்கா ஆட்டினாரு. ரெண்டாந்தரம் ஆட்டினாரு. மூணாந்தரம் குனிஞ்ச தலை நிமிரவே இல்ல.”

துஷ்யந்தனின் கை தரையைத் தேடியது.

“மாடெல்லாம் வரல டொக்டர். துஷ்யந்தன் தூங்கிட்டாரு. நான் முழிச்சுக்கிட்டு, பக்கத்துலயே இருந்து, சிரிச்சுக்கிட்டு பார்த்துக்கிட்டு இருந்தேன். தோள்ல ஒரு தட்டு தட்டியிருந்தா நுஹ்மான் நானா இன்னிக்கு ரெண்டு காலால நடப்பாரு.”

அதற்குப் பிறகு வார்த்தை இல்லை, அழுகைதான்.

ஜெயந்தினி தம்பியைப் பார்த்தாள். சின்ன வயதில் அவன் கண்ணாடியை உடைத்துவிட்டுக் காற்று தள்ளியது என்று சொன்னபோதெல்லாம் பார்த்த அதே பார்வை.

“மாடு வரலியா?”

அவன் தலையைக் குனிந்தான்.

“ஹவ்வா என் கடைக்கு வந்து கேட்டாடா. நுஹ்மான் பொண்டாட்டி. ‘ஜெயந்தினி, உன் தம்பி சொல்றது மெய்தானா’ன்னு. முத்துமாரி மேல சத்தியமா மாடுதான்னு சொன்னேன். என் தம்பி பொய் சொல்ல மாட்டான்னு சொன்னேன். அன்னிலேருந்து அவ ஒரு வார்த்தை கேக்கல.” அவள் எழுந்தாள். “நீ யாருக்கும் சொல்லல. அவளும் எனக்குச் சொல்லல. நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

கிண்ணத்தை ஸ்டூலிலேயே வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டாள்.

கதவு அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நிறுத்தச் சொல்வதற்கென்றே பூசணிக்காயைத் தட்டிப் பார்க்காமல் ஓடிவந்தவன். இப்போது உள்ளே போகவும் தைரியமில்லை. அவள் அழுகிறாள். அதை அடக்க மட்டக்களப்பிலிருந்து ஒருத்தி ஏதோ சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை, ஆனால் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அதைச் சொல்ல வேண்டியவன் தான் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஸுபைதா என்ற பெண் மேல் அவனுக்கு அன்று வந்த பொறாமை போல் எந்தச் செல்வராஜா மேலும் வந்ததில்லை.

*

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. நீலச் சுடிதார், சிவந்த மூக்கு. முதலில் ஸ்டூலையும் கிண்ணத்தையும் பார்த்தாள். பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

“எப்ப வந்தீங்க?”

“நாலு மணிக்கு.”

“அண்ணியும் இருந்தாங்களா?”

“ம்.”

அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“வாரத்துல ஒரு மணித்தியாலங்க. மிச்ச எல்லா நேரமும் உங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தானே இருக்கேன். அந்த ஒரு மணித்தியாலத்துலயும் குடும்பமா வந்து காதை வைக்கணுமா?”

“நிப்பாட்டச் சொல்லத்தான் வந்தேன்.”

“யாரு நிப்பாட்டச் சொல்றது?”

“நான்தான். அது யாரோன்னு… சரி, விடு. என் பேரைச் சொன்ன.”

சிவநந்தினி அவனை வெறித்துப் பார்த்தாள்.

“நான் அவ்வளவும் சொல்லியிருக்கேன். உங்க காதுல விழுந்தது அதுதானா?”

“நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் நந்தினி. எனக்குச் சொல்லல. அவங்க கேட்டதும் சொன்ன. லொறியில ஏறச் சொன்னேன், ஏறல. அவங்க சொன்னதும் ஏறின. ஏழு மாசமா பக்கத்துலயே இருக்கேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லல.”

“உங்களுக்குத் தெரியாததையா சொல்றது?”

அவன் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினான்.

“பொலிஸ்ல மாடுன்னு சொன்னீங்க. பக்கத்துலதான் நின்னேன். நுஹ்மான் நானாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம், அங்கயும் மாடுன்னு சொன்னீங்க. அப்பவும் பக்கத்துலதான் நின்னேன். நீங்க அவ்வளவு அழகா சொன்னதுல, சில நேரம் மாடு வந்துச்சோன்னு எனக்கே வந்துரும். வெள்ளை மாடுன்னுகூட நெனச்சுக்கிட்டேன். அப்புறம்தான் எனக்குப் பைத்தியம் புடிக்குதுன்னு பயந்து டொக்டரைத் தேடினேன்.”

துஷ்யந்தனுக்கு இது புதுச் செய்தி. வண்டி மோதியதில்தான் அவள் பயந்தாள் என்று ஏழு மாதமும் நினைத்திருந்தான். தான் சொன்ன பொய்யில் பயந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

“தட்டியிருந்தாலும் லொறி நின்னிருக்காது,” என்றான். “உன் மேல ஒரு பிழையும் இல்ல. தூங்கினது நான். தூக்கம் வருதுன்னு தெரிஞ்சும் ஓட்டினேன்.”

“பிழை இல்லன்னு டொக்டர் ஆறு வாரமா சொல்றாங்க. மண்டையில ஏறிச்சு. நெஞ்சுல எறங்கல.” அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

வெளியே த்ரீவீல் ஒன்று ஏற்றத்தில் கியர் மாற்றிப் போனது.

“நான் நிப்பாட்ட மாட்டேங்க,” என்றாள் சிவநந்தினி. “இதை நல்லா கேட்டுக்குங்க. இன்னும் எத்தனை புதன்கிழமையோ, அத்தனையும் பேசுவேன். நுஹ்மான் நானாவுக்கு உண்மை சொல்றதைப் பத்தியும் பேசப் போறேன். அதுக்கு முந்தி நீங்க போய்ச் சொல்லிட்டா நல்லது.”

“சரி.”

அவள் எதிர்பார்த்தது சண்டை. இந்தச் ‘சரி’யை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நீங்களும் யாருக்கிட்டயாவது பேசணும்னு டொக்டர் சொன்னாங்க. ஒரே வீட்டுல ரெண்டு பேரை அவங்க பார்க்க மாட்டாங்களாம். வேற ஒரு நம்பர் தந்திருக்காங்க.”

“நான் என்னா பேசுறது?”

“வேலையைப் பத்திப் பேசுங்க. நித்திரை இல்லாம ஓட்டுறதைப் பத்திப் பேசுங்க. அன்னிக்கு ராத்திரி பூரா மார்க்கட்டுல சரக்குக்கு முழிச்சுக் கெடந்தீங்க, காலையில என்னையும் ஏத்திக்கிட்டு வந்தீங்க. அந்தக் களைப்பை யாருக்காவது சொல்லணும்ல? நான் அதை நெனச்சுத்தான் உங்க மேல கோபப்படாம இருந்தேன்.”

துஷ்யந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பொறாமையெல்லாம் அந்த முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்திருந்தது என்னவென்று சிவநந்தினிக்குப் பிடிபடவில்லை, ஆனால் அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“யாருக்கோ சொல்றதுக்கு முந்தி உனக்குச் சொல்லணும்,” என்றான்.

“என்னா?”

“அன்னிக்கு ராத்திரி நான் மார்க்கட்டுல நிக்கல நந்தினி. விடிய நேரந்தான் தம்புள்ளைக்கு வந்து சரக்கை ஏத்தினேன்.”

“அப்ப எங்க நின்னீங்க?”

“பல்லேகமவுல. ஒருத்தர் வீட்டுல.”

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் சிவநந்தினி யார் மேலும் பொறாமைப்பட்டதில்லை. அது தனக்கு வராத வியாதி என்றுகூட நினைத்திருந்தாள். பல்லேகமவில் அவர்களுக்குச் சொந்தமும் இல்லை, வியாபாரமும் இல்லை. ஏழு மாதமாக அவள் பாவம் பார்த்த அந்தச் சிவந்த கண்கள் எங்கே விழித்திருந்து சிவந்தன என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“பேரைச் சொல்லுங்க.”